எனக்கு மீன் ஆகாது

எனக்கு மீன் ஆகும். நன்றாகவே ஆகும். ஆகாது என்று நான் சொன்னது பொய். அந்த ஒரு பொய்யால் என் அண்ணன் பதினேழு வருடம் மீனை வாயில் வைக்கவில்லை. அவன் மீனவன்!

சிரிப்பு வருகிறதா உங்களுக்கு? வரட்டும். தெரிந்த நிமிடத்தில் எனக்கும் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்றுதான் வந்தது.

பொய் பிறந்த இடம் சென்னை. நர்சிங் படிக்கப் போன விடுதியில், அண்ணன் கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும் கூட இருந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார்கள். "ஐயோ, இது எனக்கில்லை. தெரிந்தவர்களுக்குக் கொண்டு வந்தது. எனக்கு மீனே ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும்" என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா! தூத்துக்குடியில் கடலைப் பார்த்த வீட்டில் பிறந்தவள், சாளைமீன் குழம்பில் வளர்ந்தவள், முள்ளை நாக்காலேயே பிரித்துத் துப்பத் தெரிந்தவள்... நான்தான் அப்படிச் சொன்னேன்.

அப்புறம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரை விரும்பினேன். அவரிடமும் அதே பொய். அவர் வீட்டில் போய், எங்கள் முன்னோர் முத்துக்குளித்தவர்கள் என்று பெருமையடித்தேன். முத்து வாசம் அடிக்காதல்லவா! மீன் பிடிக்கிறவர்கள் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

கல்யாணமாகி, கனடாவுக்குப் புறப்படுவதற்கு முன் அண்ணன் வீட்டில் விருந்து. அப்பா அம்மா இல்லாத என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவன்தான். அன்று வலையில் பட்டதிலேயே பெரிய சீலாவை விற்காமல் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். என் இலையில் துண்டு விழுந்ததும் கணவர் பதறிவிட்டார்.

"ஐயோ, அவளுக்கு மீன் ஆகாதே! உங்களுக்குத் தெரியாதா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். "ஏளா, நெசமாவா? எப்ப இருந்து?"

"சென்னைக்குப் போனதுல இருந்துண்ணே..."

சும்மா சொன்னேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். கணவர் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதானே? சொல்லவில்லை. அண்ணன் மீன்சட்டியைத் தூக்கிக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, எனக்கு ரசம் ஊற்றினான்.

அதற்குப் பிறகு பதினேழு வருடம் நான் ஊருக்குப் போகவில்லை. பிள்ளைகள், வேலை, லீவு என்று காரணம் அடுக்கினேன். உண்மைக் காரணம் கூச்சம். அங்கே போனால் அந்த இலை முன்னால் மறுபடி உட்கார வேண்டுமே! கனடாவில், கணவருக்குத் தெரியாமல், கடைக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு டின்னில் அடைத்த சாளையை விரலால் எடுத்துத் தின்றிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. தின்று முடித்து, கையை எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். வெட்கங்கெட்டவள்!

போன தை மாதம் தனியாகப் போனேன். வாசலில் இறங்கும்போதே நாக்கில் எச்சில். அண்ணனே கட்டாயப்படுத்தி ஒரு துண்டு வைக்கமாட்டானா, 'சரி, உனக்காக' என்று தின்றுவிடமாட்டேனா என்று ஒரு நப்பாசை. ஆனால் அந்த வீட்டில் மீன் வாசமே இல்லை. இலையில் சாம்பார், முட்டை, அவரைக்காய்ப் பொரியல். எதிரே அண்ணனும் சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தான். ஆத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் ரோஸ்லினுக்கு எட்டு வருடமாகியும் பிள்ளை இல்லை என்று வருத்தப்பட்டுப் பேசினான். எனக்காக ஒரு நாள் சாம்பார் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் சாம்பார். மூன்றாம் நாள் புளிக்குழம்பு!

குசினிக்குப் போய் மைனியிடம், அதுதான் அண்ணன் பெண்டாட்டியிடம், கேட்டேன். "நீங்களாவது மீன் வச்சித் திங்க வேண்டியதுதான மைனி? எனக்காக எதுக்கு எல்லாரும்?"

மைனி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒங்க அண்ணன் மீனத் தொட்டு பதினேழு வருஷமாச்சுளா. நீ பிளேன் ஏறுன அன்னைக்கு மாதா கோயில்ல மெழுகுதிரி ஏத்தி நேர்ந்துகிட்டாவ. எந்தங்கச்சிக்கு மீன் ஒத்துக்கிடுத வரைக்கும் நானும் தொடமாட்டேன்னு. ரெண்டு நாளு சொல்லுவாவ, மூணாம் நாளு சட்டிய வழிப்பாவன்னுதான் நானும் நெனச்சேன்."

"வள்ளத்துல கடலுக்குப் போறப்போ?"

"வள்ளத்துல அத்தன பேரும் குழம்பு காய்ச்சித் திம்பானுவ. இவுக தயிர்ச்சோறும் ஊறுகாயும். மொதல்ல சாமியாருன்னு கேலி பண்ணுனானுவ. இப்ப ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்."

நான் குசினித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தவக்காலத்தில் நாற்பது நாள் காப்பியை விட முடியாதவள் நான். இவன்... இல்லாத நோய்க்குப் பதினேழு வருடம்! எப்பேர்ப்பட்ட மனிதனோடு ஒரே வீட்டில் வளர்ந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்!

மறுநாள் காலை திரேஸ்புரம் கரைக்குப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். வள்ளங்கள் வந்து நின்றிருந்தன. அண்ணன் முழங்கை வரை செதிலோடு மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கிறான். செவுளை விரித்துப் பார்த்துக் கூடையில் போடுகிறான். ஊளி, விளமீன், பாறை... எல்லாம் அவன் கையால் போகின்றன, ஒன்றும் அவன் வாய்க்குப் போவதில்லை. வேலை முடிந்ததும் கூட்டாளிகள் குழம்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவன் கொஞ்சம் தள்ளிப் போய் டிபன் பாக்ஸைத் திறந்தான். முகத்தில் ஒரு சலிப்பு இல்லை, ஒரு பெருமை இல்லை. எனக்கு அவன் காலில் விழலாம் போலிருந்தது.

"அண்ணே..." என்று ஆரம்பித்தேன்.

அவன் முந்திக்கொண்டான். "ஏளா, இப்பவும் ஒனக்கு ஒடம்பு தடிக்குதா?"

உண்மையைச் சொன்னால் அவனுடைய பதினேழு வருடமும் அந்தக் கூட்டாளிகள் முன்னால் வெறும் கேனத்தனம் ஆகிவிடும். அதை நான் அவனுக்குச் செய்யலாமா? இப்படித்தான் அந்த நிமிடத்தில் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பயமும் இருந்தது. என்னைப் பற்றி அவன் என்ன நினைப்பான் என்ற பயம்.

"இல்லண்ணே... சரியாயிட்டு."

இதுதான் நான் ஒப்புக்கொள்ள வந்தது. முதல் பொய் சின்னப்பெண் சொன்னது. இது நாற்பத்தைந்து வயதுக்காரி, தெரிந்தே சொன்னது!

டிபன் பாக்ஸ் மணலில் கவிழ்ந்தது. அண்ணன் எழுந்து, மாதா கோயில் இருக்கும் திசையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, வாய்விட்டு அழுதான். "ஏலே, சட்டிய இங்கன கொண்டாங்கல! எந்தங்கச்சிக்கு மாதா சொகம் குடுத்துட்டாளே!"

முதலில் எனக்குத்தான் ஊட்டினான். நான் விழுங்கியதும் என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், எங்காவது தடிக்கிறதா என்று. கால் மணி நேரம் அப்படியே பார்த்திருந்தான். பிறகுதான் தான் ஒரு சாளையை எடுத்தான். வாயில் வைத்து மென்றவன் சட்டென்று நிறுத்தினான். "முள்ளு பிரிக்க மறந்துட்டுளா!" என்று வெட்கத்தோடு சிரித்தான். கடலிலேயே கிடக்கும் மனிதனுக்கு நான் முள்ளெடுத்துக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் என் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். என் முறை வரும்போது சாமியாரே வெளியே எட்டிப் பார்த்து, "மாதாவின் புதுமைக்கு, அவள் செய்த அற்புதத்துக்கு, நீதானம்மா சாட்சி" என்றார். வரிசையை விட்டு விலகி வந்துவிட்டேன். அவரிடம் சொல்ல முடியாததைத்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பது நாள் அந்த வீட்டில் மீனைத் தவிர வேறில்லை. அண்ணன் தலையையும் விடவில்லை, வாலையும் விடவில்லை. நானும்தான் தின்றேன். எப்படி இறங்கியது என்று கேட்காதீர்கள்... ருசியாகத்தான் இறங்கியது!

புறப்படும் நாள் கார் வாசலில் நின்றது. அண்ணன் என் பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் குனிந்தான்.

"நேத்து கோயிலுக்குப் போனேம்ளா. ரோஸ்லினுக்கு ஒரு பிள்ள கிடைக்கிற வரைக்கும் மீன் தொடமாட்டேன்னு நேர்ந்துட்டு வந்துட்டேன். மாதாகிட்ட எது செல்லும்னு இப்பத்தான் நல்லாத் தெரிஞ்சுபோச்சே!"

கார் கிளம்பிவிட்டது. நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. நான் நிறுத்தச் சொல்லவில்லை.

நேற்று மைனியோடு போனில் பேசினேன். ரோஸ்லின் பிள்ளைக்காக ஆஸ்பத்திரிக்குப் போவதையே நிறுத்திவிட்டாளாம். "அத்தைக்குக் கிடைச்ச மாதிரி எனக்கும் கிடைக்கும்" என்கிறாளாம். அண்ணன் என்ன சாப்பிட்டான் என்று கேட்டேன்.

"தயிர்ச்சோறு" என்றாள்.