போடாத சத்தம்

என்னிடம் கோல்ஃப் கற்றுக்கொள்ள வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே வியாதிதான். மட்டை பந்தில் படுவதற்கு முன்பே, பந்து எங்கே போகிறது என்று பார்க்கத் தலையைத் தூக்கிவிடுவார்கள். தலை தூக்கினால் தோள் தூக்கும். மட்டை பந்தின் உச்சியைச் சீவிக்கொண்டு போகும், பந்து நாலு முழம் உருளும். உடனே மட்டை சரியில்லை, தரை சரியில்லை, வெயில் சரியில்லை என்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். எத்தனையோ வருஷம் இதே மூஞ்சிகளைப் பார்த்தாயிற்று.

இப்போதும் யாராவது கேட்டால் சொல்கிறேன். மட்டையைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடிக்காதீர்கள். பலத்தைக் காட்டாதீர்கள், பந்துக்கு உங்கள் பலம் தெரியாது. புது மட்டை வாங்கினால் ஆட்டம் வந்துவிடாது. பழக ஒரு மணி நேரம் இருந்தால், முக்கால் மணி குழிக்குப் பக்கத்தில் நின்று சின்ன அடியாக அடித்துப் பழகுங்கள். யாரும் செய்யமாட்டார்கள். எல்லோருக்கும் தூரமாக அடிக்கத்தான் ஆசை. தலையைத் தூக்காதீர்கள்.

எல்லாம் நல்ல யோசனைதான். கேட்டவர்கள் முன்னேறினார்கள். அப்படி ஒருவர் முன்னேறியதில் என் தங்கை புருஷனுக்கு ஒரு கண் போயிற்று.

அடையாற்றுக்குத் தெற்கே, பனைமரங்களுக்கு நடுவே இருந்த சின்ன மைதானம் அது. இப்போது அங்கே வீடுகள். வெயிலில் புல் நிற்காது என்பதால், குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி, பலகையால் இழுத்துச் சமமாக வைத்திருப்போம். நான் சாந்தோம்காரன். அங்கே மட்டை தூக்குகிறவனாகத்தான் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் காய்ச்சல் தாங்காமல் கப்பல் ஏறியபோது, வேறு ஆள் வரும்வரை நீ பார்த்துக்கொள் என்றார் கிளப் செக்ரெட்டரி துரை. வேறு ஆள் வரவேயில்லை. ஆனால் எந்தக் கப்பலிலும் வந்து இறங்கலாம் என்ற பயம் எனக்குக் கடைசிவரை இருந்தது.

தங்கை புருஷனை நான்தான் அங்கே சேர்த்துவிட்டேன். அவன் பந்து பார்க்கிற ஆள். பழகுகிறவர்கள் அடிக்கும்போது தூரத்தில் நின்று, பந்து எந்தப் புதரில் விழுகிறது என்று பார்த்துப் பொறுக்கி வரவேண்டும். கழுகுக் கண் அவனுக்கு. கண்ணாடி போட்ட துரைகள்கூட அவனைத்தான் கேட்டு வாங்குவார்கள். நான் ‘ஹோய்’ என்று கத்துவேன். அவன் தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டைத் தூக்கிக் காட்டுவான். துண்டு தெரிந்த பிறகுதான் அடிக்கலாம். மைதானத்தின் சட்டம் அது. கத்தவேண்டியது என் பொறுப்பு.

முப்பதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூர் வக்கீல் ஒருவரை அங்கே சேர்த்துக்கொண்டார்கள். மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை பிரித்த இடத்தில் பெரிய பங்களா கட்டியவர். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் தலை நிற்காது. கோர்ட்டில் நாலு பக்கமும் பார்த்துப் பேசிய பழக்கம். எத்தனையோ விதமாகச் சொல்லிப்பார்த்தேன். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவருக்கு எதிரில் நின்று, என் மட்டையின் பிடியை அவர் தொப்பியின்மேல் ஊன்றிக்கொள்வேன். தலை தூக்கினால் தொப்பி முட்டும். ஒரு மாதத்தில் நன்றாகவே அடங்கிவிட்டார்.

ஒன்றுதான் கெடுத்தது. நான் ‘ஹோய்’ என்று கத்தும்போதெல்லாம் அவர் தலை துள்ளியது. கத்தின பிறகு மறுபடி அவரைக் குனியவைத்து, கால் நிறுத்தி, மூச்சு அடங்க வைக்கவேண்டும். அதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். கத்துவதை நிறுத்தினேன். மறந்துபோனேன் என்று சொல்லமாட்டேன். வேண்டுமென்றே நிறுத்தினேன். அவன் வெகு தூரத்தில் நிற்கிறான், இந்த மனுஷர் அவ்வளவு தூரம் அடித்ததே இல்லை, இதுதான் என் கணக்கு. நாலைந்து நாள் அப்படியே ஓடியது.

அன்று சாயங்காலம் மைத்துனன் பந்து பொறுக்கக் குனிந்திருந்தான். வக்கீல் அடித்தார். சத்தம் கேட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சரியாகப் பட்ட அடிக்குத் தனிச் சத்தம், ஆயிரத்தில் ஒன்று அப்படி அமையும். எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவர் தலை அசையவேயில்லை, என் கண்ணும் அவர் தலையில்தான் இருந்தது. பந்து போனதை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

“தலையைத் தூக்கலை, பாத்தியாப்பா?” என்றார் வக்கீல், குனிந்தபடியே.

பாராட்டத்தான் நானும் வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்தப் பக்கம் திரும்பினேன். மைத்துனன் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தான். வெள்ளைத் துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டிருந்தான்.

கண்ணாஸ்பத்திரியில் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள்தான் அவனால் பேச முடிந்தது. தங்கை கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். வலிக்கிறது என்று சொல்லவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. அவன் கேட்டது இதுதான்.

“நீ கத்தினியா மச்சான்?”

“கத்தினேன்.”

யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிற்று. செக்ரெட்டரி துரையிடம் அதற்குமுன்பே அப்படிச் சொல்லிவிட்டிருந்தேன். சொல்லாவிட்டால் என் வேலை போயிருக்கும். வக்கீலையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். கத்தியிருப்பான், வழக்கமாகக் கத்துகிறவன்தான் என்றார் அவர். சாட்சிகளைக் குடைந்தெடுக்கிற மனுஷர், தன்னைக் குடைந்துகொள்ளவில்லை.

அங்கே அடிபட்டவர்களைத் துரத்திவிடும் வழக்கம் கிடையாது. உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுப்பார்கள், இல்லையென்றால் மணல் இழுக்கிற வேலை. ஒற்றைக் கண்ணோடு அவன் அங்கேயே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் துரை ஒத்துக்கொள்ளவில்லை. கத்தினது காதில் விழாத ஆளை மைதானத்துக்குள் விட்டால் அடுத்த பந்தில் செத்துப்போவான் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. தப்பு என்னுடையது. அதைச் சொன்னால் அவனுக்கு வேலை திரும்பும், எனக்குப் போகும். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவனுக்குத் தன் காதுமேல் நம்பிக்கை போய்விட்டது. அவன் காது நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டில் தாளிக்கிற சத்தத்தை வைத்து என்ன குழம்பு என்று சொல்கிறவன் அவன். ஆனால் யார் எது சொன்னாலும் “இன்னா சொன்னே?” என்று இரண்டாம் தரம் கேட்க ஆரம்பித்தான். லஸ் முனையில் டிராம் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும்போதே தங்கை கையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மாதா கோயிலில் கடைசி பெஞ்சுக்காரன், சாமியார் பிரசங்கம் காதில் விழவேண்டும் என்று முன் பெஞ்சுக்குப் போனான். வீட்டில் உட்கார்ந்து பிரம்பு நாற்காலி பின்னினான். நான் உள்ளே நுழைந்தால் காலடிச் சத்தத்துக்கே தலை திரும்பும், என்றாலும் நான் கிட்டே போய்த் தோளைத் தொடுகிறவரை, வந்தது காதில் விழாதவன் மாதிரியே இருப்பான். நடிப்பில்லை அது. காதில் விழுந்ததை அவனே நம்பவில்லை.

நான் தினமும் போய்ச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பழகுகிறவர்கள் அடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் தொண்டை கிழியக் கத்தினேன். எதிரே ஆளே இல்லாவிட்டாலும் கத்தினேன். துரைமார்கள் சிரித்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து கோயிலுக்குப் பின்னால் கடற்கரைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். சுற்றிவளைக்கத் தெரியாது எனக்கு.

“மச்சான், அன்னிக்கு நான் கத்தல” என்றேன்.

“இன்னா சொன்னே?”

“கத்தல. வக்கீலு தலையத் தூக்கிடப்போறார்னு கத்தாம வுட்டுட்டேன். உன் காதுல ஒரு கோளாறும் இல்ல.”

அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவன் சிரித்தான்.

“உன் தங்கச்சி சொல்லச் சொன்னாளா?”

“யாரும் சொல்லச் சொல்லல. நெசமாத்தான் சொல்றேன்.”

“வுடு மச்சான். என் மனசு ஆறணும்னு இந்தப் பழியையும் நீ தூக்கிக்கிறியா? எனக்குத்தான் கேட்டுச்சே. லேசா வுழுந்திச்சு காதுல. மச்சான்னு கூப்ட்டே. காத்து சத்தம் போட்டுக்கினு கீதுன்னு நான்தான் திரும்பாம வுட்டுட்டேன்.”

மைதானத்தில் நான் அவனை மச்சான் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. துரைமார்களுக்கு முன்னால் உறவு தெரியக்கூடாது என்று ‘ஹோய்’, ‘ஏய்’ என்றுதான் கூப்பிடுவேன். அவனும் அங்கே என்னை மாஸ்டர் என்பான். மச்சான் என்ற அந்தக் கத்தலை அவனேதான் உண்டாக்கியிருக்கவேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு, நான் சொன்ன ‘கத்தினேன்’ என்ற ஒரே சொல்லுக்கு ஒரு குரலைத் தேடியிருக்கிறான். கிடைத்த குரலில் என்னை நான் இருந்ததைவிட நல்லவனாக வைத்துக்கொண்டான்.

துரையிடம் போய்ச் சொல்லலாம், வா என்றேன். கையைப் பிடித்து இழுத்தேன். அவன் வரவில்லை.

“உன் வேலையும் பூடும். அப்பால ரெண்டு வூட்டுக்கும் இன்னா பண்றது?” என்றான்.

நான் தனியாகப் போயிருக்கலாம். ஆற்றைத் தாண்டினால் மைதானம், கால் வலிக்கிற தூரமில்லை. போகவில்லை. அவன் வேண்டாம் என்றதை இறுகப் பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறமும் பல வருஷம் அங்கே வேலை பார்த்தேன். வக்கீல் ஒரு வெள்ளிக் கோப்பை ஜெயித்தார். ஆட்டம் வந்தது இவனால்தான் என்று நாலு பேருக்கு முன்னால் என் முதுகில் தட்டினார்.

உலகச் சண்டை மூள்வதற்கு முந்திய வருஷம் மைத்துனன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். கல்லறைத் தோட்டத்தில் எங்கள் பங்குக் கோயில் ஆள் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மச்சான் கத்தத்தான் கத்தினான், நான்தான் திரும்பாமல் விட்டுவிட்டேன் என்று அவன் எல்லோரிடமும் சொல்வானாம். உங்களை ஒரு சொல் குறையாகச் சொன்னதில்லை என்றார். தங்கை பக்கத்தில்தான் இருந்தாள். நான் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினேன்.

கொஞ்ச காலமாக எனக்கும் அது கேட்கிறது. பட்டப்பகலில், சும்மா உட்கார்ந்திருக்கும்போது. பனைமரங்கள், குனிந்திருக்கிற முதுகு, மச்சான் என்று என் குரல். தெளிவாகவே கேட்கிறது. ஒருவேளை கத்தினேனோ என்றுகூட ஒருநாள் தோன்றிவிட்டது. அன்றுதான் பயந்துபோய் இதை எழுத உட்கார்ந்தேன். நான் கத்தவில்லை. என் தங்கைக்குப் படிக்கத் தெரியாது. நேரில் போய்ச் சொல்ல எனக்கு வாய் இல்லை. யாராவது அவளுக்கு இதைப் படித்துக் காட்டட்டும்.