எதிர்ப்பக்கத்துச் சிக்ஸருக்கு ஒரு சீட்டி

“மலைக்காரப் புள்ள ஊசி புடிக்கக் கத்துக்குவாளாக்கும்? பாருங்க, ரெண்டு மாசத்துல மிளகு பறிக்க வந்து நிப்பா.” நர்சிங் படிக்கப் போகும் எனக்குத் தகரப்பெட்டி வாங்க அப்பா சேந்தமங்கலத்துக் கடையொன்றில் நின்றபோது, என் எதிரிலேயே கடைக்காரர் சொன்னது இது. அப்பா பெட்டியின் கொண்டியை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இன்று வட இங்கிலாந்தில் ஒரு சிறுநகரத்து மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். பெருமைக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இங்கே என்னை யாரும் மலைக்காரி என்று பார்ப்பதில்லை. இந்தியக்காரி என்றுதான் பார்க்கிறார்கள், அதில் வேறொரு சிக்கல். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றும்போதே கிழவர்கள் கேட்பார்கள்: சனிக்கிழமை ஜெயித்துவிடுவீர்களா? முதல் தடவை ஒருவர் கேட்டபோது, சனிக்கிழமை எனக்கு ட்யூட்டி இல்லை என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் அழுத்தம் ஏறிப்போய், சற்றுப் பொறுத்து மறுபடியும் பார்க்க வேண்டியதாயிற்று. கிரிக்கெட் உலகக் கோப்பையில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதப்போகின்றன, அதைத்தான் கேட்கிறார் என்று விளக்கியவள் ருக்சானா. லாகூரிலிருந்து வந்த நர்ஸ், எனக்கு அடுத்த அறைக்காரி.

நான் அதுவரை ஓர் ஆட்டம்கூட முழுதாகப் பார்த்ததில்லை. கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில் எங்கள் ஊரில் சமமான இடம் கொஞ்சம் கிடைத்தால் அதில் மரவள்ளி நடுவோம். பந்து அடிக்க யார் விடுவார்கள்? அடித்தாலும் அது பள்ளத்தில் உருண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். மலைக்குக் கீழே, நர்சிங் படித்த விடுதியில் மற்றப் பெண்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்த நேரங்களில், குளியலறை காலியாக இருக்கிறதே என்று நான் துணி துவைத்தேன். அதைச் சொன்னதும் ருக்சானா நம்பவில்லை. கேன்டீன் மேசையில் உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் நிறுத்தி எனக்குப் பாடம் எடுத்தாள். ஒன்றுதான் மனதில் தங்கியது: தரையில் படாமல் எல்லைக் கயிற்றைத் தாண்டினால் ஆறு.

அந்த வாரம் எனக்கு ஆட்டத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. நாங்கள் தங்கியிருந்த நர்ஸ் குடியிருப்பை இடிக்கப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். தொலைபேசியில் காலியாக இருப்பதாகச் சொன்ன வாடகை அறைகள், நானும் ருக்சானாவும் நேரில் போய் நின்றதும் இப்போதுதான் போயிற்று என்று ஆகிவிட்டன. அப்போதுதான் சுமதியக்காவின் எண் கிடைத்தது. எங்கள் மருத்துவமனை டாக்டர் ஒருவரின் மனைவி, ஈரோட்டுப் பக்கம். அவர்கள் வீட்டு மேல்மாடி அறை காலியாக இருந்தது. “நாமக்கல் புள்ளையா? அப்ப நம்ம பக்கம்தான். சனிக்கெழம மேட்ச் பாக்க வா கண்ணு, நேர்ல பாத்துட்டு ரூமைப் பத்திப் பேசிக்கலாம்” என்றார். அந்தக் ‘கண்ணு’ என்ற சொல்லைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது. அந்த அறை எனக்கே கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

எங்கள் சிறுநகரத்தில் அந்த ஆட்டம் தெரியும் சேனல் ஒரே இடத்தில்தான் இருந்தது. வங்கதேசத்துச் சில்ஹெட்டிலிருந்து வந்த கரீம் பாயின் உணவகம். தென்னாப்பிரிக்காவில் நடக்கும் ஆட்டம் என்பதால் சனிக்கிழமை விடிந்ததுமே கூட்டம் சேர்ந்துவிட்டது. டிவிக்கு முன்னால் நடுவில் வழிவிட்டு, வலப்பக்கம் இந்தியர்களுக்கும் இடப்பக்கம் பாகிஸ்தானியர்களுக்கும் நாற்காலி போட்டிருந்தார் கரீம் பாய். சண்டை வந்தால் சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றிவிடுவேன் என்று ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசலில் நானும் ருக்சானாவும் பிரிந்தோம். அவள் பச்சைத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு இடப்பக்கம் போனாள். நான் சுமதியக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா முறுக்கு டப்பாவை என் மடியில் வைத்தார்.

பாகிஸ்தான் முதலில் ஆடியது. கொஞ்ச நேரத்தில் அவர்கள் ஆட்டக்காரர் ஒருவர் ஒரு காலை மடக்கி மட்டையைச் சுழற்ற, பந்து கயிற்றுக்கு மேலே எங்கோ போய் விழுந்தது. எனக்குத் தெரிந்த ஒரே விதி கண்ணெதிரே நடந்தது. இரண்டு விரலை வாயில் வைத்து, மலையில் அடிப்பதுபோல ஒரு சீட்டி அடித்துவிட்டேன்.

வலப்பக்கம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இடப்பக்கத்தில் கைதட்டும் சிரிப்பும். ருக்சானா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். சுமதியக்கா என் காதருகே குனிந்தார்.

“கண்ணு, அது அவுங்க அடிச்சது.”

“தெரியுமுங்க்கா. நல்லா அடிச்சாருங்க.”

“ஏனுங்க டாக்டர், நம்ம பக்கம் ஒட்டுக் கேக்க அவுங்க ஆள் அனுப்பியிருக்காங்க போல” என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, சுமதியக்காவின் வீட்டுக்காரரான டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

எங்கள் மலையில் எருதாட்டத்தின்போது நடக்கும் வழக்கத்தை அந்த அறையில் எப்படி விளக்குவது? எருதுக்கு இருபக்கமும் கயிறு கட்டி இளவட்டங்கள் பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வோர் ஊரும் தன் எருதைக் கொண்டுவரும், பகையும் வரும், பழைய வாய்க்கால் தகராறும் வரும். ஆனால் நன்றாகப் பாய்கிற எருதுக்கு எல்லா ஊரும் சீட்டி அடிக்க வேண்டும். தன் ஊர் எருதுக்கு மட்டும் அடிக்கிறவனை, எருது பார்க்கத் தெரியாதவன் என்று கேலி செய்வார்கள். எங்கள் எருது தோற்ற வருடம் அப்பா தன் துண்டைக் கழற்றி, ஜெயித்த எருதின் கொம்பில் போட்டுவிட்டு வெற்று உடம்போடு வீட்டுக்கு வந்தார்.

இடைவேளையில் சமோசாத் தட்டோடு சுமதியக்கா என்னைத் தனியாக அழைத்துப் போனார். “நாமக்கல்ல எங்க கண்ணு?” என்றார். நாமக்கல் டவுன் என்று சொல்லிவிடலாம். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது.

“கொல்லிமலைங்க்கா. வாழவந்தி நாடு.”

“அட, மலை மேலயா? அங்கயெல்லாம் பள்ளிக்கூடம் இருக்குதா சாமி?”

“இருக்குதுங்க. எங்க ஊட்டுல நாந்தான் மொதல்ல போனேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதில் ஏளனம் இல்லை. இத்தனை பக்கத்து ஊரைத் தெரியாமல் இருந்துவிட்டோமே என்ற கூச்சம்தான் தெரிந்தது. பிறகு இந்தியா ஆடியது, அடித்து ஆடியது, ஜெயித்தது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார். இந்த முறை நான் சரியான இடத்தில்தான் சீட்டி அடித்தேன். நடுவழியைத் தாண்டி வந்த ருக்சானா, அழுத கண்ணோடு என் கையைக் குலுக்கி, “உங்கள் எருது ஜெயித்துவிட்டது” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எருதாட்டக் கதையை அதற்குள் அவளிடம் சொல்லியிருந்தேன்.

மறுநாள் சுமதியக்கா தொலைபேசியில் அழைத்தார். “ரூம் உனக்குத்தான் கண்ணு. சாவி வாங்கிக்க வந்துரு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணே ஒண்ணு. அந்தப் பாகிஸ்தான் புள்ள இங்க வரப்போக வேண்டாம். எங்க ஊட்டுக்காரரு தம்பி எல்லையில பட்டாளத்துல இருக்கான். மாமியார் போன்ல கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?”

அவர் குரலில் வெறுப்பு இல்லை, பயம் இருந்தது. மகனை நினைத்து ஒரு தாய் ஊரில் இரவெல்லாம் தூங்காமல் இருப்பது எனக்கும் புரிந்தது. ஆனால் ருக்சானாவுக்கு வீடு கிடைக்கும்வரை அவளை என் அறையில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தேன். இனி நான் மட்டும் தனியாக அந்த வீட்டில் ஏறிப் படுத்தால், மாதக் கடைசியில் ருக்சானா எங்கே போவாள்? எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துத்தானே அந்த வீடுகளின் கதவுகள் மூடின. “வேண்டாமுங்க்கா, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கறோம். கோவிச்சுக்காதீங்க” என்றேன்.  “முறுக்கு டப்பா உங்கிட்டதான் இருக்குது, அதைக் குடுக்கவாவது ஒரு நாள் வா” என்று சொல்லி அக்கா போனை வைத்தார்.

பத்து நாள் அலைந்து ரயில் பாதையை ஒட்டி ஒரு சிறு வீடு பிடித்தோம். ரயில் போகும்போது கண்ணாடி ஜன்னல் அதிரும். சமையலறையில் அவளுடைய மாவு டப்பாவும் என்னுடைய ராகி டப்பாவும் ஒரே அலமாரித் தட்டில் இருக்கின்றன. போன திங்கட்கிழமை மருத்துவமனை அலுவலகத்தில் புது முகவரிக்கான படிவம் தந்தார்கள். ஆபத்து நேரத்தில் யாரை அழைக்க வேண்டும் என்ற இடத்தில் இரண்டு கோடுகள். முதல் கோட்டில் வாழவந்தி நாட்டு டீக்கடை எண்ணை எழுதினேன். அங்கே அழைத்தால், தோட்டத்திலிருந்து அப்பா ஏறி வந்து பேச அரைமணி நேரம் ஆகும். இரண்டாவது கோட்டில் ருக்சானாவின் பெயரை எழுதினேன். அவள் அடுத்த அறையில் இருப்பாள். கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வார்டுக்குப் போனேன்.