வுபாலெம் மறைத்து வளர்த்த கடா

வுபாலெமின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு மண்சுவர். இருபது வருஷமாக இந்தப் பக்கம் நான் பானை வனைகிறேன், அந்தப் பக்கம் அவள் பார்லியில் தெல்லா காய்ச்சி விற்கிறாள். எங்கள் மென்ஸ் மேட்டுநாட்டில் மது காய்ச்சுகிறவளுக்கு மரியாதை உண்டு. பானை வனைகிறவளுக்கோ கெட்ட கண் என்று பேர். அவளுடைய தெல்லா என் பானையில்தான் புளிக்கிறது. அதை மட்டும் எவரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

நல்லவள்தான். ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. புருஷன் செத்த பிறகு தனியாளாக மகன் தெஃபெராவை ஆளாக்கியவள், நாய் ஊளையிட்டால் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள். இரண்டு வருஷத்துக்கு முன் தெஃபெரா நெஞ்சுச் சளியில் சாகக் கிடந்தான். அவன் எழுந்து நடந்தால் ஃபாசிகா என்கிற ஈஸ்டர் பண்டிகையன்று கொழுத்த கடா வெட்டிக் கோயில் வாசல் ஏழைகளுக்குப் போடுவதாகப் புனித ஜார்ஜுக்கு நேர்ந்துகொண்டாள். அவன் எழுந்துவிட்டான்.

ஃபாசிகாவுக்கு முன் எங்களுக்கு ஐம்பத்தைந்து நாள் நோன்பு. நோன்பு தொடங்கும்போது கடாவைக் கட்டித் தீனி போட்டு, முடிகிற அன்று வெட்டுவது ஊர் வழக்கம். வுபாலெம் கிறிஸ்துமஸ் அன்றே கட்டிவிட்டாள். கடா சிறுத்திருந்தால் புனிதர் மகனைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று பயம்.

கொழுக்கிற கடாமேல் கண் படக்கூடாது அல்லவா? உள்ளறையில் கட்டினாள். ஜன்னலில் சாக்கை அடித்தாள். ஓடைக்கு ஓட்டிப் போனால் யாராவது பார்ப்பார்கள் என்று குடத்தில் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டினாள். தீனிக்கு மட்டும் குறைவில்லை. பார்லியும் தெல்லா மண்டியும் அள்ளி அள்ளிப் போட்டாள். சுவரிலிருந்த விரிசலைச் சாணியால் பூசினாள்.

"கோவிச்சுக்காத செனெபு. எல்லார் கண்ணுக்கும் பொதுவாத்தான் மறைக்கிறேன்."

"பொதுவான்னா என் பக்கத்துச் சுவரை மட்டும் ஏண்டி பூசினே?"

அதோடு அவள் என்னைக் காபிக்குக் கூப்பிடுவதும் நின்றுபோனது.

நோன்பின் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை மதியம், சுவருக்கு அப்பால் முனகல் கேட்டது. கடா பல்லை நறநறவென்று கடித்தது. கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடி முக்கியது. என் கையில் மண் அப்படியே நின்றுவிட்டது. சின்ன வயதில் அப்பாவின் கடா இப்படித்தான் முக்கியது. நீர் பிரியாமல், வயிற்றுக்குள்ளேயே பை வெடித்து, நாலாம் நாள் செத்தது.

போய்ச் சொன்னால், பார்த்துவிட்டாள் என்பார்கள். சொல்லாமல் விட்டால் கடா சாகும், அப்போதும் என்னைத்தான் சொல்வார்கள். ஆறு வருஷத்துக்கு முன் மேலத்தெருவில் ஒரு கன்று செத்ததற்கு, பானைக்காரி அபெபெச்சின் சூளையை இடித்து, பிள்ளைகளோடு ஊரைவிட்டே துரத்தினார்கள். எனக்கும் இந்த வீடும் சூளையும்தான் இருக்கின்றன.

முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து கால்நடை வைத்தியர் அஸ்னாக்கேயைக் கூட்டி வந்தேன். வுபாலெம் வாசலை மறித்து நின்றாள். அதற்குள் தெருவே கூடிவிட்டது.

"யாரும் பாக்கக் கூடாது தம்பி. நேர்த்திக் கடா."

"செத்தா எதம்மா நேர்த்தி? தள்ளு."

கடாவை உட்கார்த்தி வைத்தாற்போலப் பிடித்து, குறி நுனியில் புழு மாதிரித் தொங்கிய, அடைபட்ட சிறு குழாயை அஸ்னாக்கே கத்தரித்தார். மணல் மணலாகக் கல் உதிர்ந்தது. பின்னாலேயே நீர் பீறிட்டு அவர் கால்சட்டை முழுக்க நனைந்தது.

"நூறு நாளாத் தானியமாக் கொட்டினே. தண்ணி காட்டலே. கல்லு கட்டாம என்ன செய்யும்?" முதுகை அழுத்திப் பார்த்தார். "எலும்பே கைக்குத் தட்டுப்படலியே. அறுபது நாள்லயே இது தயாரும்மா. அதுக்கப்புறம் நீ போட்டதுல கறி ஏறலே, வெறும் கொழுப்புதான்."

வுபாலெம் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நீதான் பாக்கவே இல்லியே. எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

தெருவே என் பக்கம் திரும்பியது.

"காதால கேட்டேன். கண்ணுதான் கெட்டதுன்னீங்க, இனிமே காதையும் சேத்துக்கோங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஃபாசிகா வரும்வரை என் சூளை பக்கத்திலேயே படுத்தேன். கடா பிழைத்து, பண்டிகையன்று வெட்டுப்பட்டது. தோலுக்கடியில் இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளைக் கொழுப்பு இருந்ததாம். கோயில் வாசலில் கிழவர்களுக்கு நாலு வாயிலேயே திகட்டிவிட்டதாம். தெஃபெராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் சூளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இந்த வருஷம் நோன்பு தொடங்கிய அன்று, பட்டப்பகலில், வுபாலெம் ஒரு கடாக்குட்டியை என் வாசலுக்கு ஓட்டி வந்தாள்.

"பாரு செனெபு. நல்லா பாரு. நோன்பு முடியறப்போ வந்து முதுகை அழுத்திப் பாத்து, போதும்னா போதும்னு சொல்லு."

இப்படிக் கேட்க அவள் எவ்வளவு பயத்தை விழுங்கியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் எதிர்வீட்டு வாசலில் மூன்று பேர் நின்று என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தாச்சு. ஓட்டிட்டுப் போ" என்றேன், கையிலிருந்த மண்ணைவிட்டுத் தலையைத் தூக்காமல். அந்தக் குட்டி வெள்ளையா கறுப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.