லங்கிமைனா தட்டிகளை இறக்கிய நாள்

சவாயி தீவில் லங்கிமைனாவின் வீட்டுக்குச் சுவர் கிடையாது. சுற்றிலும் தூண்கள், மேலே கூரை, அவ்வளவுதான். பாதையில் போகிறவர்களை "வாங்க, சாப்பிடுங்க" என்று கூப்பிட வேண்டும்; அது மரியாதை. அவர்கள் சிரித்துவிட்டுப் போய்விட வேண்டும், அதுவும் மரியாதைதான். ஆனால் இவள் பேனாவைக் கையில் எடுத்தால் போதும், ஊருக்கே பசி வந்துவிடும். "என்ன எழுதற? படி, கேப்போம்" என்று சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

பிள்ளைகளின் திருநாளான வெள்ளை ஞாயிறுக்கு வருஷா வருஷம் தேவாலய நாடகம் எழுதுகிறவள் அவள்தான். பாய் முடைய ஊரில் ஆயிரம் பேர் உண்டு. இது ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது. இந்த வருஷ நாடகத்திலோ, பிரளயம் வரும் நேரத்தில் நோவாவின் மருமகள் கப்பலில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்து நின்றாள், நாடகம் நகரவில்லை. போதகரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: "சாயங்காலத்துக்குள்ள குடு. இல்லாட்டி என் தங்கச்சி மக எழுதிடுவா." அந்தப் பெண்ணுக்கு எழுத்தா வரும்? கேட்கிறவர்களுக்குத் தூக்கம்தான் வரும்.

எரிச்சல் தாங்காமல் லங்கிமைனா பட்டப்பகலில் நாலு பக்கமும் கூரையோரம் சுருட்டிக் கட்டியிருந்த ஓலைத் தட்டிகளை இறக்கிவிட்டாள். மழையில்லாத நாளில் யாராவது தட்டியை இறக்குவார்களா? உள்ளே புருஷன் ஃபிலிப்போ, கடலுக்குப் போய்வந்த களைப்பில், ஈக்குப் பயந்து தலை வரை வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தான். இடுக்கு வழியாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி கண்டது இதைத்தான்: போர்த்திய உடம்பு, அருகில் தலை குனிந்த பெண்டாட்டி.

கொஞ்ச நேரத்தில் ஊரே திரண்டு வந்துவிட்டது. சாவுச் சீராகப் பாய்கள், மீன் டப்பாப் பெட்டிகள், கால் கட்டிய பன்றி, பாடகர் குழு. ஊர்ப் பேச்சாளர் லெமாலு தடியை ஊன்றி இரங்கல் பேச்சைத் தொடங்கியேவிட்டார். அவர் பேசும்போது குறுக்கே வாய் திறந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது. கடவுளே, யாரும் சாகவில்லை என்று இனி எப்படிச் சொல்வது!

லங்கிமைனா திருதிருவென்று விழித்தாள். அப்புறம்தான் உறைத்தது: மொத்த ஊரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பேனாவை எடுத்தாள்.

தன் பேச்சைத்தான் எழுதுகிறாள் என்று நினைத்த லெமாலுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஃபிலிப்போவின் கொள்ளுப்பாட்டனாரிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

துணிக்குள்ளிருந்து முணுமுணுப்பு வந்தது. "ஏய், யாரு செத்தா?"

"நீதான். பேசாம படு."

"என்னைப் பத்தியா இவ்ளோ நல்லா சொல்றாரு?"

"ஆமா. கடைசிக் காட்சி பாக்கி இருக்கு, அசையாத."

அவன் சுகமாகப் படுத்துக்கொண்டான். பேச்சு முடியவும் இவள் முற்றுப்புள்ளி வைக்கவும் சரியாக இருந்தது. உடனே ஃபிலிப்போ எழுந்து உட்கார்ந்து, "அந்தப் பன்னி எனக்கா?" என்றான். பெண்கள் வீல் என்று அலறினார்கள்.

லெமாலு தடியைத் தரையில் தட்டினார். "அப்போ நான் பேசினதெல்லாம் வீணா?"

"இல்லீங்க ஐயா, எழுதி வெச்சிருக்கேன்" என்று லங்கிமைனா உளறிவிட்டாள்.

"படி."

செத்தோம் என்று நினைத்தாள். வேறு வழியில்லாமல் நாடகத்தையே படித்தாள். மருமகள் ஒருவழியாகக் கப்பலில் கால் வைத்தபோது போதகரம்மா மூக்கைச் சிந்தினாள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த லெமாலு, முடிந்ததும் ஊரைப் பெருமையாகப் பார்த்தார். "இவ்ளோ நல்லாவா பேசினேன்?"

போதகரம்மா கையை நீட்டினாள். "குடுடி நாடகத்தை."

"உங்க தங்கச்சி மக?"

"அவ கிடக்கா."

லங்கிமைனாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. காகிதங்களைக் கொடுத்துவிட்டு லெமாலு பக்கம் திரும்பினாள். "ஐயா, அடுத்த வருஷமும் வந்து பேசுவீங்களா?"

"பேசறேம்மா" என்றார் அவர், ஃபிலிப்போவை முறைத்தபடி. "ஆனா செத்தவன் எழுந்திரிக்கக் கூடாது."