ஏறிச் செல்பவருக்கும் அபராதம்

நான் முதல் முறை சட்டமன்ற உறுப்பினராகி சில மாதங்களே ஆகியிருந்தன. நாற்று நடப் போன பெண்களை ஏற்றிச் சென்ற லோடு வண்டி ஒன்று அலங்காநல்லூருக்கு அப்பால் வாய்க்காலில் கவிழ்ந்துவிட்டது. தகவல் வந்தபோது மதுரை கோச்சடையில் என் வீட்டில் மனு கொடுக்க வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். அப்படியே எழுந்து பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு பெண்கள் வழியிலேயே இறந்துவிட்டார்கள். மற்றவர்கள் சேறு காயாத சேலையோடு வார்டு வராந்தாவில் கிடந்தார்கள்.

அவர்களில் முத்துப்பேச்சி என்பவருக்கு இடது கால் நசுங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் காலைப் பற்றிப் பேசவில்லை.

"டிரைவர மட்டும் பிடிச்சுட்டுப் போயிட்டாங்கம்மா. அவனும் எங்களாட்டம் கூலிக்கு வந்தவந்தான். அம்புட்டுப் பேரையும் ஆடு மாதிரி அடைச்சு ஏத்துன ஏஜெண்டு எங்கம்மா? அவர யாரும் கேக்க மாட்டாங்களா?"

ஏஜெண்ட் என்பவர் விடியலில் ஊர் ஊராகப் பெண்களைத் திரட்டி, ஆள் கேட்ட வயலில் கொண்டுபோய் இறக்கி, தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவர். அடிப்படையில் நான் வக்கீல். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சரக்கு வண்டியில் ஆள் ஏறினால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும். வழக்கு ஓட்டுநரோடு முடியும். ஏஜெண்டின் பெயர் எங்கும் வராது.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். என் தம்பி பாண்டியும் அதே தொழில்தான் செய்துகொண்டிருந்தான். அவனுடைய இரண்டு லோடு வண்டிகளும்தான் என் தேர்தல் பிரச்சாரத்துக்கு ஓடியவை. எங்களுக்குச் சொந்த நிலம் இருந்ததில்லை. அம்மா இதே மாதிரி வண்டியில் நின்றுகொண்டே போய்க் களை எடுத்துத்தான் என்னைச் சட்டம் படிக்க வைத்தார்.

தனிநபர் மசோதா

அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவுக்குத் தனிநபர் மசோதா என்று பெயர். அது நிறைவேறுவது மிக அபூர்வம். ஆனாலும் எழுதினேன். கூலிக்கு ஆள் கூட்டிப் போகிறவர் இருக்கை உள்ள வண்டியில்தான் கூட்டிப் போக வேண்டும், அவர்களுக்குக் காப்பீடு செய்ய வேண்டும், விபத்து நடந்தால் ஏஜெண்டும் பொறுப்பு. இதுதான் சாரம்.

எழுதியதை எடுத்துக்கொண்டு முத்துப்பேச்சியின் ஊருக்குப் போனேன். சமுதாயக் கூடத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். பாராட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

"சட்டம் போட்டு வண்டிய நிப்பாட்டிட்டா நாங்க எதுல போறது?" என்று ஒரு பெண் எழுந்தார். "பஸ்சு வார நேரத்துக்கு அங்க பாதி நடவு முடிஞ்சிரும். செத்தவளுக்காக இருக்கிறவ பட்டினி கிடக்கணுமா?"

யாரும் அவரை அடக்கவில்லை. கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சியும் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் அவர் கேட்டது நியாயம். விடியற்காலை பஸ் விட வேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்த்தேன். பேரவைச் செயலகத்தில் இருந்த அதிகாரி அதைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"அரசாங்கத்துக்குச் செலவு வைக்கிற மசோதான்னா ஆளுநர் பரிந்துரை வேணும்மா. தனிநபர் மசோதாவுக்கு அது எங்க கிடைக்கப்போகுது?"

பஸ் பற்றிய பிரிவை எடுத்துவிட்டேன். மீதியும் விவாதத்துக்கே வரவில்லை. அந்த ஐந்தாண்டு அப்படியே முடிந்தது. முத்துப்பேச்சிக்கு இன்சூரன்ஸ் வரவில்லை. ஓட்டுநருக்குத் தண்டனை ஆனது.

மேசைக்கு வந்த மசோதா

இரண்டாம் முறை நான் ஜெயித்தபோது எங்கள் கட்சி ஆளுங்கட்சியின் கூட்டணியில் இருந்தது. வேறு மாவட்டங்களிலும் இதே மாதிரி வண்டிகள் கவிழ்ந்து செய்தியாகவே, அரசே ஒரு மசோதா கொண்டுவந்தது. கூட்டத்தொடர் முடிய ஒரு நாள் இருந்தபோது பிரதி மேசைக்கு வந்தது. மறுநாள் மற்ற மசோதாக்களோடு சேர்த்து நிறைவேற்றிவிடுவார்கள்.

ஆசையாகப் பிரித்தேன். விபத்துக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் மூன்றாம் பிரிவில் வண்டி உரிமையாளரும் ஓட்டுநரும் இருந்தார்கள். ஏஜெண்ட் இல்லை. நான்காம் பிரிவை இரண்டு முறை படித்தேன். சரக்கு வண்டியில் ஏறிச் செல்பவருக்கும் அபராதம் என்று இருந்தது. ஏற்றிவிட்டவர் தப்பிவிட்டார். ஏறிய பெண் குற்றவாளி ஆகிவிட்டார்.

உடனே இரண்டு திருத்தங்கள் எழுதிச் செயலகத்தில் கொடுத்தேன். மூன்றாம் பிரிவில் ஏஜெண்டைச் சேர்க்க ஒன்று. நான்காம் பிரிவை நீக்க ஒன்று. சிறிது நேரத்தில் எங்கள் கட்சிக் கொறடா போனில் வந்தார். "எதிர்க்கட்சிக்காரன் மேசையத் தட்டுறதுக்காம்மா நீங்க பேசப் போறீங்க? அமைச்சர் கூப்பிடுறாரு. போய்ப் பாத்துட்டு வாங்க."

அமைச்சர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏறுறவங்களுக்கும் பயம் இருக்கணும்லம்மா?"

"ஏறலைன்னா அன்னைக்கு அடுப்பு எரியாதுய்யா. நீங்க அபராதம் போட்டாலும் ஏறத்தான் செய்வாங்க. அப்புறம் வண்டி கவுந்தாக்கூட வெளிய சொல்ல மாட்டாங்க."

அவர் பிரதியை இழுத்து நான்காம் பிரிவைப் பார்த்தார். "சரி, நாலாவது பிரிவ நானே எடுத்துர்றேன். ஏஜெண்டு திருத்தத்த நீங்க வாபஸ் வாங்கிக்கங்க. கிராமத்துல நமக்குக் கூட்டம் சேக்குறதே அவங்கதான். உங்களுக்குத் தெரியாததா?"

"வாபஸ் வாங்கலைன்னா?"

"ரெண்டுமே தோத்துரும்மா."

அவையில் பேசிவிட்டு வாபஸ் வாங்குகிறேன் என்று சொன்னேன். சுருக்கமாகப் பேசுங்கள் என்று அவர் ஒப்புக்கொண்டார். வெளியே வந்தபோது செய்தி மதுரைக்குப் போயிருந்தது. பாண்டி அழைத்தான்.

"அக்கா, ஏஜெண்ட உள்ள தள்ளணும்னு எழுதிக் குடுத்திருக்கியாமே? என் வண்டியையும் சேத்தா?"

"உன் வண்டிக்குன்னு தனியா எழுத முடியாதுடா."

"உனக்கு ஓட்டுக் கேட்டு ஊர் ஊரா அலைஞ்ச வண்டிக்கா அது."

"தெரியும்டா."

"தெரிஞ்சுதான் பண்றியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

விடுதி அறையில் உட்கார்ந்து யோசித்தேன். பேசாமல் வாபஸ் வாங்கினால் தம்பியைக் காப்பாற்றிவிட்டாள் என்று ஊர் சொல்லும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அமைச்சரைச் சீண்டினால் அந்தப் பெண்கள் தலையில் அபராதம் விழும். அதைத் தாங்க முடியாது. அவையில் மூன்றாம் பிரிவு முதலில் வரும். நான்காம் பிரிவு அதன் பிறகுதான் வரும். அமைச்சர் மனம் மாறினால் நான் எதுவும் செய்ய முடியாது.

அவையில்

பேரவைத் தலைவர் என் பெயரைச் சொன்னார். எழுந்தேன். வாய்க்காலில் கவிழ்ந்த வண்டியைப் பற்றிச் சொன்னேன். பின்வரிசையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தலைவர் அவர்களே, என் உடன்பிறந்த தம்பி இதே தொழில் செய்கிறான். நான் கேட்கும் திருத்தம் வந்தால் அது முதலில் என் வீட்டுக்குள்தான் நுழையும். தெரிந்துதான் கேட்கிறேன்" என்றேன்.

பேச்சுச் சத்தம் நின்றது. எதிர்க்கட்சி வரிசையில் மேசையைத் தட்டத் தொடங்கினார்கள். கொறடா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த இடத்தில் நான் வாபஸ் வாங்கியிருக்க வேண்டும். ஒப்பந்தம் அதுதான்.

"ஏஜெண்டின் பொறுப்பு பற்றி அமைச்சர் இந்த அவைக்கு ஓர் உறுதி தந்தால் திரும்பப் பெறுகிறேன். இல்லையென்றால் வாக்கெடுப்புக்கு விடுங்கள்."

சொல்லிவிட்டு உட்காராமல் நின்றேன். அமைச்சர் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரிகள் அமர்ந்திருந்த பக்கம் திரும்பினார். அங்கிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. அதைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். நான்காம் பிரிவு போய்விட்டது என்றே நினைத்தேன்.

அவர் எழுந்தார். "உறுப்பினரின் கருத்தை அரசு கவனத்தில் கொள்கிறது. அடுத்த கூட்டத்தொடரில் இதற்கான திருத்தம் கொண்டுவரப்படும்."

திரும்பப் பெற்றேன். மூன்றாம் பிரிவு நிறைவேறியது. நான்காம் பிரிவைத் தலைவர் படித்தார். அமைச்சர் எழ நேரம் எடுத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றியது. பிறகு எழுந்து, அதை நீக்கும் திருத்தத்தை முன்மொழிந்தார். ஆம் என்ற குரல்களில் என் குரல்தான் உரக்கக் கேட்டது என்று பக்கத்து உறுப்பினர் பிறகு சொன்னார்.

அதற்குப் பிறகு

அடுத்த கூட்டத்தொடரில் ஒன்றும் வரவில்லை. அமைச்சர் அவையில் சொன்னது அவைக்குறிப்பில் இருந்ததால், அரசு உறுதிமொழிக் குழுவுக்கு எழுதினேன். அவையில் தந்த வாக்கை அரசு காப்பாற்றியதா என்று கேட்பதுதான் அந்தக் குழுவின் வேலை. துறை சாக்குச் சொல்லச் சொல்ல, நான் திரும்பத் திரும்ப எழுதினேன். கடைசியில் ஏஜெண்டைப் பொறுப்பாக்கும் திருத்தச் சட்டம் வந்தது. காப்பீடும் அதில் சேர்ந்தது. விடியற்காலை பஸ் என் பதவிக்காலம் முடியும்வரை வரவில்லை. இன்றைக்கும் அது எனக்குக் குறைதான்.

புதிதாக ஜெயித்து வரும் உறுப்பினர்கள் சிலர் என்னிடம் வந்து, சட்டமன்றத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதுண்டு. மசோதாவின் தலைப்பைப் பார்த்து மகிழாதீர்கள், ஒவ்வொரு பிரிவும் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள் என்பேன். அமைச்சர் அறையில் தரும் வாக்கு உங்கள் காதோடு போய்விடும், அவையில் சொல்ல வையுங்கள் என்பேன். வீட்டில் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்வதில்லை.

பாண்டி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். பொங்கலுக்கு வரவில்லை. என் மகள் நிச்சயதார்த்தத்துக்கும் வரவில்லை. பழங்காநத்தத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில்தான் பார்த்தேன். மண்டபத்து வாசலில் எதிரே வந்துவிட்டான். ஒதுங்க இடமில்லை.

"லோடு வண்டி ரெண்டையும் வித்துட்டேன்" என்றான். "சீட்டு வச்ச வேன் ஒண்ணு எடுத்திருக்கேன்."

"சட்டத்துக்குப் பயந்தா?"

"உன் சட்டத்துக்கு எவன் பயந்தான்? பொம்பளைங்க லோடு வண்டியில ஏற மாட்டேன்னுட்டாங்க. சீட்டு இருந்தா வாரோம், இல்லைன்னா வேற ஆளப் பாருன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்புட்டாங்க."

கண் கலங்குவதை அவன் பார்க்கக் கூடாது என்று பந்திக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். இலை போட்டார்கள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவன் அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.