நெருப்புக்கு வெட்டிய பாதை

எங்கள் வீட்டின் பின்சுவரைத் தாண்டினால் கொறங்காடு. மேய்ச்சலுக்கென்று சுற்றிலும் கிளுவை வேலி போட்டு, நடுநடுவே வெள்வேல மரங்களை விட்டு, உழாமல் வைத்திருக்கும் நிலத்துக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். நாங்கள் இந்த இடத்தைப் பார்க்க வந்த அன்று புரோக்கர் அதைக் கைகாட்டித்தான் ஆசைமூட்டினார். "பின்னாடி பாருங்க, காத்து பிச்சுட்டு வரும்" என்றார். காற்று வந்தது உண்மைதான். வருடக்கணக்கில் ஒற்றை ஜன்னல் வைத்த லைன் வீட்டில் கிடந்தவளுக்கு அந்தக் காற்றே போதுமாக இருந்தது.

நானும் வீட்டுக்காரரும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நான் வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். எங்கள் ஊரில் அவ்வளவு புல்லை யாரும் நிற்க விடமாட்டார்கள், ஆடு மிச்சம் வைக்காது. இங்கே நிலத்துக்காரர் மாடுகளை விற்றுவிட்டுக் கம்பெனி தொடங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. மேய வாயில்லாத காட்டில் கொழுக்கட்டைப் புல் இடுப்புயரம் வளர்ந்து, தை கழிவதற்குள் காய்ந்து, மாசியில் கை பட்டால் நொறுங்கியது. அழகாக இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.

குடிவந்த முதல் கோடையிலேயே தீ வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தீய்ந்த வாடை வரவும் அடிப்பிடித்துவிட்டது என்று மூடியைத் திறந்து பார்த்தேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. பின்கதவைத் திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், என் தலைக்கு மேலே தீ நின்றது.

அன்று எல்லோரும் வீட்டில் இருந்ததால் தப்பித்தோம். குடத்தில், பக்கெட்டில், சோறு வடிக்கிற பானையில்கூடத் தண்ணீர் அள்ளி ஊற்றினோம். எங்கள் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி சூட்டில் இளகி ஒருபக்கமாகச் சாய்ந்தது. கொடியில் காய்ந்த துணியெல்லாம் போயிற்று. தீயணைப்பு வண்டி வந்தபோது காடு கறுத்துப்போய்ப் புகைந்துகொண்டிருந்தது. வண்டியால் தெருவுக்குள் நுழைய முடிந்ததே தவிர, காட்டுக்குள் போக வழி இல்லை.

வந்தவர்களில் வயதானவர் ஒருவர் சுவரில் சாய்ந்து நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார். "இந்தச் சுவத்துல இருந்து பத்தடிக்கு ஒரு புல்லு இருக்கக் கூடாதும்மா. வர்ற தீ, திங்கறதுக்கு ஒண்ணும் இல்லாம நின்னுக்கும். வேலியில ஒரு வண்டி போற அளவுக்கு வழியும் விடுங்க. நாங்க வர்றதுக்கு லேட் ஆகும், அதையும் சொல்லிடறேன்."

அந்தப் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டது தெருவின் கடைசி வீட்டு அக்காதான். புருஷன் இறந்தபின் மகளை மடத்துக்குளத்தில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக ஆடு வளர்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊர்க்காரர். யாரையும் 'ங்க' போடாமல் பேசமாட்டார், என்னை மட்டும் கண்ணு என்பார். மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு நிலத்துக்காரர் வீட்டுக்குப் போனார். கீழே கம்பெனி, மாடியில் வீடு. பெரியவர் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"ஏனுங்க சாமி, ஊட்டுக்குப் பின்னாடி பத்தடிக்குப் புல்லு வெட்டிக்கறமுங்க. வேலியில சித்தெ வழி உட்டுக்கறமுங்க."

"தாராளமா வெட்டிக்குங்க. நானே ஜேசிபி உட்டுச் சுத்தம் பண்ணோணும்னு நெனச்சுட்டே இருக்கறனுங்க" என்றார்.

ஜேசிபி வரவில்லை. நாங்கள் இறங்கினோம். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு ஒருநாள் விடுமுறை. அந்த ஒருநாளில் காலையில் எழுந்து மூன்று மணிநேரம் காட்டு வேலை என்றால் யார் வருவார்கள் என்று நான் சந்தேகப்பட்டேன். வந்தார்கள். எங்களைப்போல் பிழைக்க வந்த தெக்கத்திக் குடும்பங்கள் எல்லாமே வந்தன. வீட்டிலேயே நாலு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிற உள்ளூர்க்காரர் தன் வண்டியில் அரிவாளும் கடப்பாரையும் கொண்டுவந்தார். பக்கத்து லைன் வீட்டிலிருந்து ஓர் ஒடிசாக்காரப் பெண் கைக்குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு வந்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். "அக்கா, இது வெட்டு? அது வெட்டு?" என்று கேட்டுக்கேட்டு, நாங்கள் ஒரு முழம் போவதற்குள் அவள் நாலு முழம் போய்விடுவாள்.

சீமைக் கருவேல முள் கையைக் கிழித்தது. திங்கட்கிழமை மிஷினில் உட்கார்ந்து துணியைப் பிடித்தால் விரல் எரியும். ஆனாலும் அடுத்த ஞாயிறு எப்போது வருமென்று இருக்கும். வேலை முடிந்து அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து பழைய சோற்றுத் தண்ணீர் குடிப்போம். அவரவர் பாஷையில் பேசிச் சிரிப்போம். வைகாசிக்குள் வீடுகளின் முதுகை ஒட்டி ஒரு பக்கம் முதல் மறுபக்கம் வரை மண் தெரிய ஒரு பாதை விழுந்துவிட்டது. மெயின் ரோட்டுப் பக்கம் கிளுவை வேலியைப் பிரித்து வண்டிக்கு வழி விட்டோம். டிரம்களில் தண்ணீர் நிரப்பி வைத்தோம். அக்கா கழுத்தில் ஒரு விசில் தொங்கியது.

அடுத்த கோடையில் காட்டின் நடுவில் தீ பிடித்தது. யாரோ பீடி போட்டிருக்கலாம். விசில் கேட்டு ஓடினோம். நனைத்த சாக்கோடு வரிசையாக நின்றோம். தீ புல்லைத் தின்றுகொண்டே வந்து, நாங்கள் வெட்டிய ஓரத்தில் தடுமாறி, சின்னதாகி, அணைந்தே போயிற்று. ஒடிசாக்காரப் பெண் சாக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்கா அழுதார். எங்களால் ஒன்று முடிந்தது என்று நான் நம்பியது அந்த ஒரு பொழுதுதான்.

ஐப்பசி மழையில் புல் மறுபடி வந்தது. நாங்களும் மறுபடி வெட்டினோம். கார்த்திகையில் ஒரு ஞாயிறு அரிவாளோடு போனபோது, பாதையின் தொடக்கத்தில் சாக்கு சாக்காகக் கட்டிங் வேஸ்ட் கிடந்தது. பனியன் வெட்டியபின் மிஞ்சும் துண்டுகள். நல்ல வெள்ளைத் துண்டென்றால் மிஷின் துடைக்க வாங்கிக்கொள்வார்கள். இது பாலியஸ்டர் கலந்தது, பிரிண்ட் அடித்தது, யாருக்கும் வேண்டாதது. அடுத்த வாரம் அது இரண்டு மடங்கானது. முன்பெல்லாம் வேலியும் முள்ளும் மறித்ததால் உள்ளே எந்த வண்டியும் வந்ததில்லை. இப்போது நாங்கள் போட்டுக்கொடுத்த பாதை இருந்தது.

ஒரு காலையில் குட்டியானை வண்டி ஒன்று சாக்கு இறக்கும்போதே பிடித்துவிட்டோம். வீட்டுக்காரர் முன்னால் போய் மறித்தார். "என்னய்யா இது? குடியிருக்கிற வீட்டுக்குப் பின்னாடி கொண்டாந்து கொட்டுதீக?"

ஓட்டிவந்தவர் சண்டைக்கு வரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "எங்க கொட்டறதுன்னு நீங்களே சொல்லுங்க, அங்க கொட்டறேன். குப்பை வண்டிக்காரங்க இதை எடுக்க மாட்டேங்கறாங்க. ஏத்திட்டுப் போன்னு கம்பெனியில சொல்றாங்களே தவிர, எங்க போடறேன்னு ஒருத்தரும் கேக்கறதில்லீங்க."

ஒரு சாக்கின் வாய் பிரிந்திருந்தது. நான் குனிந்து பார்த்தேன். கரும்பச்சைத் துணியில் மஞ்சள் யானைக்குட்டி. குழந்தைகள் டீசர்ட். அந்த மாதம் முழுக்க நான் தைத்துக்கொண்டிருந்த ஆர்டர்தான் அது. துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, கை பட்டதும் தெரிந்தது.

மறுநாள் சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் பதறவில்லை. "வேஸ்ட் எடுக்கிறது கான்ட்ராக்ட்காரங்கம்மா. கேட்டைத் தாண்டிட்டா நம்மளுது இல்ல. இதை ஆபீஸ்ல போய்ப் பேசிட்டிருக்காதே" என்றார். கடைசி வரியை மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு நன்றாகவே கேட்டது.

அக்கா வீட்டு வாசலில் கூடிப் பேசினோம். கல் வைத்து வழியை அடைக்கலாம் என்றார் ஒருவர். அடைத்தால் தீயணைப்பு வண்டி எப்படி வரும் என்றார் இன்னொருவர். மனுக் கொடுக்கலாம் என்று முடிவானது. ஜாப் ஒர்க்காரர் தலையைக் குனிந்தபடியே இருந்தார். நிமிராமலே சொன்னார். "எங்க ஊட்டு வேஸ்டும் அந்த வண்டியிலதானுங்க போகுது. நான் எந்த வாயில போய்க் கேக்கறதுங்க?"

யாரும் அவரைத் திட்டவில்லை. அவர் வேஸ்ட் என்ன, எங்கள் எல்லோருடைய சோறும் அந்தத் துணியிலிருந்துதான் வந்தது. அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை, அரிவாளும் வரவில்லை. மனுவுக்குப் பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, இது தனியார் நிலம் என்று சொல்லிப் போனார். கல் வைத்தோம், நகர்த்தினார்கள். தை பிறந்தபோது பாதை நெடுகச் சாக்குகள். புல் வெட்ட மண்ணே தெரியாமல் போனது. ஒவ்வொரு வீடாக வருவது நின்றது. "துணியை வெட்டவா போறோம்?" என்று ஒருத்தி கேட்டாள். 

அக்கா மட்டும் நிறுத்தவில்லை. ஒடிசாக்காரப் பெண்ணும் அவரும் சாக்குகளை வீட்டுப் பக்கத்திலிருந்து காட்டுப் பக்கமாக இழுத்துப் போடுவார்கள். நானும் போய் இழுப்பேன். மறுவாரம் அதே இடத்தில் புதுச் சாக்குகள் கிடக்கும்.

பங்குனியில் ஒரு வேலை நாளில் அது பற்றிக்கொண்டது. கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாயங்கால டீக்கு வெளியே வந்து எடுத்துப் பார்த்தபோது அக்காவின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. திரும்ப அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. பஸ்ஸுக்கு நிற்காமல் ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினேன். தூரத்திலேயே புகை தெரிந்தது. புல் எரிகிற வெள்ளைப் புகை இல்லை. கறுப்பு.

எங்கே தீ நிற்க வேண்டுமென்று பாதை வெட்டினோமோ, அதே பாதை வழியாகவே தீ ஓடியிருந்தது. ஒரு முனையில் பிடித்தது, சாக்குக்குச் சாக்கு தாவி, ஒவ்வொரு வீட்டின் முதுகையும் தொட்டுக்கொண்டு போயிருக்கிறது. லைன் வீட்டின் பின்வரிசை இல்லை. எங்கள் சமையலறைக் கூரை உள்ளே விழுந்து கிடந்தது. அந்த நேரத்தில் தெருவில் இருந்தது நடமாட முடியாத கிழவர்களும் குழந்தைகளும்தான். அக்கா விசில் ஊதியிருக்கிறார். கேட்டு ஓடிவர ஒடிசாக்காரப் பெண்ணைத் தவிர ஆள் இல்லை. இருவரும் வீடு வீடாகத் தட்டி எல்லோரையும் ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மனித உயிர் ஒன்றும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் அக்கா தன் ஆடுகளிடம் போனார்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையிலும் கட்டு.

"கயிறு அவுக்க வரலீங் கண்ணு. நைலான் கயிறு. உருகி முடிச்சே தெரியல. முன்னால நின்னதை அவுத்து உட்டேன். பின்னால கட்டுனதுக கத்துச்சு."

"நீங்க போன் போட்ருக்கீகளே அக்கா, நான் எடுக்கலையே" என்று அழுதேன்.

அவர் என்னைத் தேற்றவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "எடுத்திருந்தாலும் என்ன கண்ணு பண்ணியிருப்பே?"

அவரை மகள் வந்து மடத்துக்குளத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். கை விரல்கள் முழுதாக மடங்குவதில்லையாம். போனில் அக்காவிடம் பேசினால், ஆடு கத்துகிற சத்தம் எங்காவது கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவதாகச் சொல்கிறார். ஒடிசாக்காரக் குடும்பம் எரியாமல் மிஞ்சிய பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு சோமனூர்ப் பக்கம் தறி வேலைக்குப் போனது. போகும்போது அவள் என் கையைப் பிடித்து அவள் பாஷையில் நிறையப் பேசினாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. தலையாட்டினேன்.

துணிக் குவியல் மழை வரும்வரை உள்ளுக்குள் புகைந்தது. அந்தப் புகையில் வீட்டுக்காரருக்குப் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. நிலத்துக்காரர் வந்து பார்த்தார். உண்மையாகவே வருந்தினார். பிறகு சொன்னார்: "தப்பா நெனைச்சுக்காதீங்க. நீங்க வழி வெட்டுனதாலதானுங்க வண்டி உள்ள வந்துச்சு."

அவர் சொன்னது பொய்யில்லை.  வழி வெட்டாமல் விட்டிருந்தால் புல் எரிந்து வீடு போயிருக்கும். வெட்டினோம், துணி எரிந்து வீடு போயிற்று. இதில் நாங்கள் வேறென்ன செய்திருக்க வேண்டும் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். இதுவரை ஒன்றும் பிடிபடவில்லை.

வீட்டை விற்றுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். வந்து பார்ப்பவர்கள் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் சொல்வதாகச் சொல்லிப் போகிறார்கள். கம்பெனியில் இப்போது வேறு ஆர்டர் ஓடுகிறது, ஊதாத் துணி. மிஷினுக்குக் கீழே விழும் துண்டுகளைக் கூட்டிச் சாக்கில் கட்டும்போது நான் திரும்பிக்கொள்கிறேன்.

இந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. குளம் நிறைந்தது என்று தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். போன ஞாயிறு காலை அரிவாளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். புல் தோளுயரம் வந்திருந்தது. எங்கள் சுவரை ஒட்டி வெட்ட ஆரம்பித்தேன். இருமிக்கொண்டே வீட்டுக்காரரும் வந்து வெட்டினார். அடுத்த வீட்டுச் சுவர் வரைக்கும்தான் முடிந்தது. வெயில் ஏறவும் உள்ளே வந்துவிட்டோம்.