நான் கழற்றச் சொன்ன சாரி கார்டு

இரண்டாயிரத்து ஏழாம் வருடம் என்று நினைக்கிறேன். புதுச்சேரியில் ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். வீடு லாஸ்பேட்டையில். படிப்பு பத்தாவதோடு சரி. மீதியெல்லாம் வருகிறவர் போகிறவர் வாயைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். வாடிக்கையாளர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகும் பேச்சை அப்படியே பிடித்து வைத்துக்கொள்வேன். குருசுக்குப்பத்து மீன் வியாபாரி ஒருவர் தன் பழைய வண்டியைப் பற்றி, "மைலேஜ் கேக்காதீங்க தம்பி, இது தாகத்துல பொறந்தது" என்றார். அதை இரண்டு வருடம் என் சொந்தப் பேச்சு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆளைச் சிரிக்க வைத்துவிட்டால் பாதி வண்டி விற்ற மாதிரி என்பது என் கணக்கு.

அப்போது கருவடிக்குப்பத்திலிருந்து ஒரு இளம் தம்பதி வந்தார்கள். கல்யாணமாகி நாலு மாதம். கணவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பிள்ளை. பிரான்சில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். மனைவிக்கு விசா வரும்வரை இங்கேதான் இருக்கப்போகிறார், அதுவரை இருவரும் சுற்றுவதற்கு ஒரு வண்டி வேண்டும். வாங்கின மறுநாளே வேளாங்கண்ணிக்குப் போவதாக வேண்டுதல். போக மட்டும் நூற்றைம்பது கிலோமீட்டர்.

அந்தத் தூரத்துக்கு இரண்டு பேர் போக எந்த வண்டி சரி என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி ஹேண்டில்பார், நீளமான ஒரே சீட், பின்னால் பிடித்துக்கொள்ள அகலமான கம்பி என்று ஒன்று அங்கேயே நின்றது. வேகத்திலும் அது மோசமில்லை. ஆனால் அவர் கண் முழுக்க அதற்குப் பக்கத்தில் இருந்த சிவப்பு வண்டி மேல்தான். குனிந்து ஓட்ட வேண்டிய வண்டி அது. சீட் இரண்டு துண்டு, பின் துண்டு ஒரு முழம் உயரத்தில் சரிவாக இருக்கும். அவர் கண் போன பக்கம் என் வாயும் போய்விட்டது. மனைவிக்கு ஒரு நாற்காலியும் குளிர்பானமும் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, அவரிடமே பேசிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை டெலிவரி எடுக்க வந்தபோது அந்தப் பெண் முதல்முறையாகப் பின் சீட்டில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்து பார்த்தார்.

"என்னங்க இது, ஒரு பிரேக் போட்டீங்கன்னா நான் உங்க முதுகுல வந்து மோதிடுவேன் போலிருக்கே."

"அதுக்காகத்தான் மேடம் புது மாப்பிள்ளைங்க எல்லாம் இத வாங்குறாங்க" என்றேன். அவர் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை.

பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. பின் சக்கரத்தின் இடது பக்கம் சேலை மாட்டாமல் இருக்கக் கம்பியால் ஒரு தடுப்பு இருக்குமே, சாரி கார்டு, அதைக் காட்டிக் கணவர், "இத எடுத்துடலாமாண்ணே? அங்கல்லாம் இந்தக் கூண்டே கெடையாது. வண்டி சும்மா அம்சமா இருக்கும்" என்றார். அங்கே பின்னால் உட்காருகிறவர்கள் பேன்ட் போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறார்கள் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"அத ஏங்க கழட்டணும்? இருந்துட்டுப் போவுது" என்றார் மனைவி.

கழற்றக் கூடாது என்பது விதி. நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, என்றோ எவரோ சொன்ன ஒரு பேச்சு நாக்கு நுனியில் வந்து நின்றது. "இது இருந்தா பால்காரர் வண்டி மாதிரி இருக்கும் மேடம். கேன் மாட்டுறது ஒண்ணுதான் பாக்கி" என்றேன். ஷோரூமே சிரித்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு நானே கழற்றச் சொன்னேன். கம்பியை என் மேஜைக்குக் கீழே போட்டேன். "மெர்சிண்ணே" என்று கணவர் பிரெஞ்சிலேயே நன்றி சொல்லிக் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு ஒரு கணவனும் மனைவியும் ஷோரூமுக்குள் வந்தார்கள். அதே மாதிரி வண்டி, வெளியில் எங்கோ கார்டைக் கழற்றியிருக்கிறார்கள். அந்த அம்மா கழுத்தில் காதுக்குக் கீழிருந்து தோள்வரை சிவப்பாக ஒரு தடம், கயிறு போட்டு இழுத்த மாதிரி. முன்தினம் மாலை முந்தானை சக்கரத்தில் மாட்டியிருக்கிறது. தெருமுனையில் மெதுவாகப் போனதால் உயிர் பிழைத்தார்களாம்.

"கார்டு ஒண்ணு மாட்டிக் குடுங்க சார்" என்றார் கணவர். அந்த அம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச முடியவில்லை என்று பிறகு தெரிந்தது.

முந்தின நாள் நான் கழற்றச் சொன்ன சிவப்பு வண்டிக்காரரின் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தேன். அதில் இருந்த செல்போன் எண்ணுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வீட்டு எண்ணுக்கு அடித்தேன். அவருடைய அம்மா எடுத்தார்.

"அவங்களா? இப்பதாம்பா கெளம்பிச்சிங்க, பத்து நிமிஷம் ஆவுது. காவி சேல கட்டிக்கினு மாதாவ பாக்கப் போவுது மருமவ. ஏம்பா, வண்டில எதனா?"

"ஒண்ணுமில்லம்மா, ஒரு பேப்பர் குடுக்கணும்" என்று வைத்துவிட்டேன். மேஜைக்குக் கீழே கிடந்த கம்பியையும் இரண்டு ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஹெல்மெட்டைத் தலையிலும் கம்பியை ஹேண்டிலிலும் மாட்டிக்கொண்டு என் பழைய நூறு சிசி வண்டியைக் கிளப்பினேன். நல்லவேளையாக ஒரு விஷயம் மட்டும் என் பக்கம் இருந்தது. முதல் சர்வீஸ் வரைக்கும் ஐம்பதைத் தாண்டாதீர்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் அதைக் கேட்டால் நான் பிடித்துவிடலாம்.

முதலியார்பேட்டையில் காணவில்லை. முருங்கப்பாக்கத்தில் காணவில்லை. சாலையில் எங்கே நாலு பேர் கூடி நின்றாலும் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தேன். பஸ் ஏறுவதற்காக நிற்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் மறுபடி முறுக்கினேன். அரியாங்குப்பம் பாலத்தில் ஏறியபோது, முன்னால் ஒரு லாரிக்கு அப்பால் காவி நிறம் தெரிந்தது.

முந்தானை பின்னால் பறந்துகொண்டிருந்தது. ஒரு நேரம் மேலே, ஒரு நேரம் கீழே. அந்தப் பெண்ணின் ஒரு கை கணவர் தோளில், இன்னொரு கை மடியில் இருந்த பையில். சேலையை அள்ளிப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. காற்று வாக்கில் முந்தானை தாழும்போதெல்லாம் சக்கரத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண் இருக்கும், அவ்வளவுதான். ஷிபான் துணி வேறு. பருத்தியாக இருந்தால் கிழியும். ஷிபான் கிழியாது, இழுக்கும்.

லாரியைத் தாண்டி அவர்களுக்குப் பின்னால் போய் ஹாரன் அடித்தேன். விட்டு விட்டு இல்லை, ஒரேயடியாக அழுத்திப் பிடித்தேன். அவர் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் ஒருத்தன் முட்டிக்கொண்டு வருகிறான். புது வண்டி, அதுவும் இந்த வண்டி. குனிந்தார், முறுக்கினார். ஐம்பது அறுபதாகி, எழுபதைத் தாண்டியது. ரேஸுக்கு அழைக்கிறேன் என்று நினைத்துவிட்டார். எப்படிக் குனிய வேண்டும் என்று ஷோரூமில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

நான் ஹாரன் அடிக்க அடிக்க அவர் வேகம் கூடியது. வேகம் கூடக் கூட முந்தானை விரிந்தது. நோணாங்குப்பம் பாலத்தில் ஒருவழியாக இடதுபக்கம் ஒட்டிப் போய் அந்தப் பெண்ணின் பார்வைக்கு நேராக வந்தேன். கத்தினால் காற்றில் கேட்காது. சேலையைப் பிடியுங்கள் என்று என் தோளைத் தொட்டுக் காட்டிச் சைகை செய்தேன். யோசித்துப் பாருங்கள், நடுரோட்டில் முகம் மூடிய ஹெல்மெட்டோடு ஒருவன் துரத்தி வந்து முந்தானையைக் காட்டிச் சைகை செய்கிறான். அந்தப் பெண் முகம் வெளுத்துப்போய்ப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். கணவரின் காதில் ஏதோ சொன்னார். அவர் இன்னும் முறுக்கினார்.

அப்போதுதான் புரிந்தது, நான் துரத்துவதுதான் இப்போது அந்தப் பெண்ணைக் கொல்லப்போகிறது என்று. கையை எடுத்தேன். ஹாரனை விட்டேன், வேகத்தையும் விட்டேன். அவர்கள் சின்னதாகிக்கொண்டே போனார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான ஒரு கிலோமீட்டர் வேறு இல்லை. ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே பின்னால் போக வேண்டும். ஒவ்வொரு முறை அந்தக் காவி கீழே தாழும்போதும் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். மூடவும் முடியாது.

ஜெயித்த திருப்தியில் அவர் வேகத்தைக் குறைத்தார். தவளக்குப்பம் சந்திப்பு நெருங்கியது. பஸ்கள் நின்றிருந்ததால் இன்னும் மெதுவானார். நான் சத்தமில்லாமல் மண் ஓரத்தில் இறங்கி, மறுபடி அந்தப் பெண்ணுக்கு எதிரே வந்தேன். இந்தமுறை சைகை செய்யவில்லை. ஹேண்டிலில் இருந்த சாரி கார்டைக் கழற்றி ஒரு கையால் உயர்த்திக் காட்டினேன்.

முதலில் கம்பியைப் பார்த்தார், பிறகு என் கழுத்தில் முறுக்கிக்கொண்டிருந்த ஷோரூம் டையைப் பார்த்தார், பிறகு குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கணவரின் முதுகில் ஓங்கி அடித்தார். அவர் திடுக்கிட்டுப் பிரேக் போட்டார். சரிவான சீட்டில் அந்தப் பெண் முன்னால் வழுக்க, முந்தானை தொங்க, சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டது.

வண்டி அநேகமாக நின்றுவிட்ட நேரம். அதுதான் காப்பாற்றியது. ஆனால் இரண்டு சுற்று சுற்றிவிட்டது. அந்தப் பெண் பின்பக்கமாக வளைந்து, கழுத்து இறுகி, கண் பிதுங்கிக் கிடந்தார். கணவர் என்னவென்று தெரியாமல் இறங்கப் பார்த்தார்.

"எறங்காதீங்க, வண்டிய சாய்க்காதீங்க, பின்னால தள்ளுங்க" என்று கத்திக்கொண்டே என் வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். கியரில் நின்றிருந்தது, நகரவில்லை. துணியைப் பிடித்து இழுத்தேன், இன்னும் இறுகியது.

பக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் ஒன்றும் கேட்கவில்லை. கத்தியோடு வந்தார், என் கையைத் தட்டிவிட்டார், சக்கரத்துக்கும் தோளுக்கும் நடுவே துணியைப் பிடித்து ஒரே இழுப்பில் அறுத்தார். அந்தப் பெண் கணவர் மேல் சாய்ந்து, பெரிதாக மூச்சை இழுத்தார்.

இளநீர்க்காரம்மா அவரை இறக்கித் தன் முக்காலியில் உட்கார வைத்து, அறுந்த சேலையைச் சுற்றி ஊக்கு குத்திவிட்டு, பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, பொண்டாட்டிய உக்கார வெச்சி கூட்டினு போறியா, கொடி ஏத்தினு போறியா?"

கணவர் வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிய என்னைப் பார்த்து, "ஹாரன் அடிச்சது நீங்களாண்ணே? எவனோ ரேஸ் உடுறான்னு நெனச்சேன்" என்றார்.

"இவுரு யாரு?" என்றார் இளநீர்க்காரம்மா.

"வண்டி வித்தவரு" என்றார் அந்தப் பெண். குரல் கரகரத்தது. அதற்கு மேல் சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஒரு வாய் இளநீர் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது வேணும்னு நான் நேத்தே சொன்னேன்ணா. நீங்க சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நான் எப்பிடி சொல்றது?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லக்கூட எனக்கு வார்த்தை வரவில்லை. பேச்சை வைத்தே பிழைக்கிறவன் நான். மண்ணில் உட்கார்ந்து சக்கரத்தில் சுற்றியிருந்த காவித் துணியை நூல் நூலாகப் பிரித்து எடுத்து, கம்பியைப் பூட்டினேன். 

அந்தப் பெண் வண்டியில் ஏற மறுத்துவிட்டார். "நான் பஸ்ல வர்றேன். நீங்க பின்னாலயே வாங்க" என்றார். கடலூர் பஸ் வந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். சிவப்பு வண்டி பஸ்ஸுக்குப் பின்னால், அது நின்ற இடத்திலெல்லாம் நின்று, போய்க்கொண்டிருந்ததை நான் தெரிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். வேளாங்கண்ணி வரைக்கும் அப்படியேதான் போனார்களாம்.

பத்து நாள் கழித்து இருவரும் ஷோரூமுக்கு வந்தார்கள். சிவப்பு வண்டி அவர் தம்பிக்குப் போய்விட்டது, இப்போது வேறு வேண்டும். இந்தமுறை கணவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பெண் ஒவ்வொரு வண்டியிலும் பின்னால் ஏறி உட்கார்ந்தார். பாதம் முழுசாகப் பதிகிறதா என்று பார்த்தார், கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், கணவரைக் கூப்பிட்டு முருங்கப்பாக்கம் வரைக்கும் ஒன்றை ஓட்டச் சொல்லிப் பின்னால் போய்விட்டு வந்தார். நீளமான சீட் உள்ள அந்த வண்டியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

"இது ஓடுமா?" என்று கணவர் மெதுவாக என்னிடம் கேட்டார்.

"நல்லா ஓடும். ஒங்களுக்கு வேணும்ங்கற அளவுக்கு ஓடும், எனக்கு வேணும்ங்கற அளவுக்கு நிக்கும்" என்றார் மனைவி. அதைவிட நன்றாக ஒரு வண்டியைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அதை இதுவரை எந்த வாடிக்கையாளரிடமும் நான் எடுத்துச் சொன்னதில்லை, அது அவர் கழுத்தில் இருந்து வந்த பேச்சு.

இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு பழைய வண்டிக் கடை இருக்கிறது. ஜோடியாக யார் வந்தாலும் பின்னால் உட்காரப்போகிறவரை முதலில் ஏற்றி உட்கார வைக்கிறேன். அவர் வாய் திறக்கிற வரைக்கும் நான் திறப்பதில்லை. சில பேர் ரொம்ப நேரம் யோசிப்பார்கள். அந்த நேரத்தில் எனக்குள் ஏதாவது சிரிப்புப் பேச்சு வந்து முட்டும். அதை விழுங்கிக்கொண்டு காத்திருக்கும்போதுதான், ஒருவர் பயத்தை இன்னொருவர் காது கொடுத்துக் கேட்பதும் ஒரு பிரேக் போடுகிற வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.